மனவடுவும் சித்திரப் புத்தகமும்: கொமேனியஸ் முதல் ஸ்ரீராம்புரம் வரை

குழந்தை இரவில் அலறி எழுந்தால் நம் வீட்டுப் பாட்டிமார் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: "புள்ளை எதையோ பார்த்து பயந்துடுச்சு." உடனே திருநீறு பூசுவார்கள், தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள், மடியில் போட்டுக்கொண்டு "என்னத்தைக் கண்டு பயந்தே, சொல்லு கண்ணு" என்று கேட்பார்கள். கயிற்றின் பலன் என்னவோ, அந்த மடிக்கும் அந்தக் கேள்விக்கும் பலன் உண்டு என்பதை இன்றைய உளவியல் ஒப்புக்கொள்கிறது. உடலில் பட்ட காயம் ஆறிய பின் தழும்பு நிற்பது போல, உள்ளத்தில் பட்ட காயமும் வடுவாக நிற்கிறது. ஈழத்து உளநல அறிஞர்கள் இதற்கு 'மனவடு' என்று ஓர் அருமையான சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தார்கள். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் அவர்களின் எழுத்துகளால் இச்சொல் தமிழ் உலகுக்குப் பழக்கமானது.

பெரியவர்களுக்குத் தம் துயரத்தைச் சொல்ல மொழி இருக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு? அதற்குப் படம் இருக்கிறது, கதை இருக்கிறது, விளையாட்டு இருக்கிறது. குழந்தைகளுக்கான சித்திரப் புத்தகம் எப்படிப் பிறந்தது, மனவடுவை அது எப்படிக் காட்டியது, ஆற்றுவதற்கு எந்த அளவு உதவியது, பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு இதில் என்ன வேலை என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நாடிழந்தவர் செய்த நூல்

குழந்தைகளுக்கென்று படங்களோடு அச்சான முதல் பாடநூல் என்று பெரும்பாலோர் சுட்டுவது, 1658-இல் நியூரம்பர்க் நகரில் வெளியான 'ஓர்பிஸ் பிக்டஸ்' என்ற நூல். 'படங்களில் உலகம்' என்று பொருள் கொள்ளலாம். அதைச் செய்தவர் மொராவியா நாட்டில் 1592-இல் பிறந்த யோவான் ஆமோஸ் கொமேனியஸ். முப்பதாண்டுப் போரில் சிக்கிய தலைமுறையைச் சேர்ந்தவர். இளம் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் கொள்ளைநோய்க்குப் பறிகொடுத்தார். மத நம்பிக்கையின் பொருட்டு 1628-இல் சொந்த நாட்டை விட்டு வெளியேறினார், திரும்பவே இல்லை. தஞ்சம் புகுந்த போலந்து நாட்டு லெஷ்னோ நகரமும் 1656-இல் எரிந்தது. பல்லாண்டு உழைப்பில் தொகுத்த கையெழுத்துப் படிகள் சாம்பலாயின. இதற்கு இரண்டாண்டுகள் கழித்துத்தான் குழந்தைகளுக்கான அவருடைய படநூல் வெளிவந்தது.

அந்நூலில் சுமார் 150 படங்கள். வானம், நெருப்பு, பறவை, தச்சன், தையற்காரன் என உலகமே வரிசையாக வருகிறது. படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, இரண்டு மொழிகளில் பெயர் சொல்லியிருக்கிறார். ஒன்று லத்தீன், மற்றது குழந்தையின் தாய்மொழியான ஜெர்மன். ஆக, சித்திரப் புத்தகம் பிறக்கும்போதே இருமொழிப் புத்தகமாகப் பிறந்தது, அதுவும் ஓர் அகதியின் கையால் பிறந்தது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். சிதறிப்போன உலகத்தைக் கண்ட மனிதர், குழந்தைக்கு உலகத்தை ஒழுங்காக அடுக்கிக் கொடுக்க நினைத்தார். மனவடு ஆறுவதற்கான முதல் தேவை இதுவே: கலைந்து போனவற்றுக்கு மறுபடி ஒரு வரிசை.

பெட்டியில் தங்கிய ஓவியங்களும் புத்தகப் பாலமும்

அடுத்து இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு வருவோம். செக் நாட்டின் தெரேசியன்ஸ்டாட் முகாமில் நாஜிகளால் அடைக்கப்பட்ட யூதக் குழந்தைகளுக்கு, அவர்களோடு கைதியாக இருந்த ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் இரகசியமாக ஓவியம் சொல்லிக்கொடுத்தார். கிடைத்த காகிதத்தில் வீடு, தோட்டம், பட்டாம்பூச்சி, சில வேளை முகாமின் காவலரையும் குழந்தைகள் வரைந்தார்கள். 1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்ஸ் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். போகுமுன் மறைத்து வைத்த பெட்டிகளில் ஏறத்தாழ 4,500 படங்கள் இருந்தன. அவை இன்று பிராக் நகரின் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஓவியம் உயிரைக் காப்பாற்றாது என்பதை வரலாறு ஒளிக்காமல் சொல்கிறது. ஆனால் வரையும் நேரத்திலாவது அவர்கள் கைதி எண்களாக இல்லாமல் குழந்தைகளாக இருந்தார்கள்.

போர் முடிந்ததும் ஜெர்மனிக்குத் திரும்பியவர் யெல்லா லெப்மான். ஸ்டுட்கார்ட் நகரத்து யூதப் பெண் பத்திரிகையாளர். ஹிட்லர் ஆட்சியிலிருந்து தப்பி 1936-இல் இங்கிலாந்து சென்றவர். இடிபாடுகளுக்கு நடுவே திரிந்த குழந்தைகளைக் கண்டார். ரொட்டி வேண்டும், சரி. அதோடு புத்தகமும் வேண்டும் என்றார். பல நாடுகளுக்குக் கடிதம் எழுதி, ஜெர்மானியக் குழந்தைகளுக்காகப் புத்தகம் கேட்டார். நேற்று வரை ஜெர்மனியோடு போரிட்ட நாடுகளும் அனுப்பின. ஜெர்மனியால் இரண்டு முறை தாக்கப்பட்ட பெல்ஜியம் முதலில் மறுத்தது. அவர் மறுபடி எழுதினார். பிறகு அங்கிருந்தும் புத்தகம் வந்தது. 1946-இல் மியூனிக் நகரில் கண்காட்சி, 1949-இல் சர்வதேச இளையோர் நூலகம், 1953-இல் ஐ.பி.பி.ஒய். எனப்படும் இளையோர் நூல்களுக்கான உலக அமைப்பு என்று அந்தப் பணி வளர்ந்தது. சண்டை போட மறுத்துப் பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும் ஃபெர்டினாண்ட் என்ற காளையின் கதையை (மூல நூல் 1936) அவரே ஜெர்மன் மொழியில் பெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 படிகள் அச்சிட்டு பெர்லின் குழந்தைகளுக்குக் கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லெப்மான் புத்தகம் கொடுத்தது பாதிக்கப்பட்ட தரப்புக் குழந்தைகளுக்கு மட்டுமல்ல. தன்னை விரட்டிய நாட்டின் குழந்தைகளுக்கே கொடுத்தார். இந்தச் செய்தி நமக்குப் பின்னால் தேவைப்படும்.

ஆறாத வடுவும் ஆறாத சாப்பாடும்

1963-இல் அமெரிக்காவின் மாரிஸ் செண்டாக், 'வேர் தி வைல்டு திங்ஸ் ஆர்' என்ற நூலை வெளியிட்டார். அவருடைய தந்தை வழி உறவினர் பலர் நாஜிகளால் கொல்லப்பட்டவர்கள். குறும்பு செய்த சிறுவன் மாக்ஸ், இரவுச் சாப்பாடு இல்லாமல் அறைக்குள் அனுப்பப்படுகிறான். அறை காடாகிறது, கடல் வருகிறது, கோரப்பல் மிருகங்கள் வாழும் தீவுக்குப் போய் அவற்றுக்கே ராஜா ஆகிறான். கடைசியில் வீட்டு நினைவு வந்து திரும்பினால், சாப்பாடு சூடாகக் காத்திருக்கிறது. மொத்தம் நானூறு சொற்களுக்கும் குறைவு. "குழந்தைகளைப் பயமுறுத்துகிறது" என்று அந்நாளில் பலர் எதிர்த்தார்கள். குழந்தைகளோ திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பயத்தை இல்லை என்று மறைக்காமல், அதற்குள் போய்த் திரும்பி வர வழி காட்டியதே காரணம்.

எல்லாக் கதையிலும் சாப்பாடு சூடாகக் காத்திருப்பதில்லை. ஜப்பானிய ஓவியர் தோஷி மாருகி, அணுகுண்டு விழுந்த சில நாட்களில் ஹிரோஷிமாவுக்குச் சென்று கண்ணால் கண்டவர். கணவர் இரியோடு சேர்ந்து புகழ்பெற்ற 'ஹிரோஷிமா ஓவியங்கள்' வரிசையைத் தீட்டியவர். 1980-இல் குழந்தைகளுக்காக 'ஹிரோஷிமா நோ பிகா' என்ற சித்திரப் புத்தகத்தைச் செய்தார். குண்டு விழுந்த நேரம் காலைச் சாப்பாட்டில் இருந்த ஏழு வயது மீ, கையில் இருந்த சாப்பிடும் குச்சிகளை விடாமல் பிடித்தபடியே ஓடுகிறாள். நாட்கள் கழித்துப் பிறர்தான் அவள் விரல்களைப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகு அவள் வளரவே இல்லை. இறுகிய அந்தக் கை, மனவடுவைப் பற்றிப் பல பக்கம் எழுதினாலும் விளங்காததை ஒரு குழந்தைக்கு விளங்க வைக்கிறது. இந்நூல் ஆறுதல் தருகிறதா என்றால், எளிய ஆறுதல் தரவில்லை. நடந்ததை நடந்தது என்று ஒப்புக்கொள்கிறது. சில காயங்களுக்கு அதுவே முதல் மருந்து.

இந்தியாவில், ஈழத்தில்

நம் நாட்டில் குழந்தை நூல்களுக்குத் தனிப் பாதை போட்டவர் கேலிச்சித்திர மேதை சங்கர். டெல்லியில் 1957-இல் குழந்தைகள் புத்தக அறக்கட்டளையைத் தொடங்கினார். தமிழில் 1947 முதல் அம்புலிமாமாவும், அழ. வள்ளியப்பா போன்றோரின் பாடல்களும் நம் குழந்தைகளை வளர்த்தன. ஆயினும் அந்நாள் நூல்களில் நீதி மிகுதி, துயரம் குறைவு. குழந்தைக்குத் துக்கத்தைக் காட்டக்கூடாது என்பது நம் பெரியோர் கொள்கை.

இந்தக் கொள்கையை அசைத்தவை சென்னையில் தோன்றிய பதிப்பகங்கள். தாரா புக்ஸ் 1994-லும் தூலிகா 1996-லும் தொடங்கின. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கடல் என்றாலே குழந்தைகள் நடுங்கிய நேரத்தில், கடலை நண்பன் என்று தலைப்பிலேயே அழைக்கும் சந்தியா ராவ் அவர்களின் 'மை ஃப்ரெண்ட், தி சீ' என்ற நூலைத் தூலிகா 2005-இல் கொண்டு வந்தது. வங்காளத்துப் பட்டுவா ஓவியர்களான ஜெய்தேவ், மோய்னா சித்ரகார் இருவரும் பேரலையைச் சுருள் ஓவியமாகத் தீட்டிப் பாடினார்கள். அது 2009-இல் தாராவின் கையால் செய்த நூலாயிற்று. ஊர் ஊராகப் படச்சுருளை விரித்துக் கதை பாடுவது பட்டுவாக்களின் குலத்தொழில். ஊருக்கு வந்த துயரத்தை ஊர் கூடிப் பார்த்து அழுது தீர்ப்பதற்கு நம் நாட்டில் பழைய வழியே இருந்தது என்பதற்கு இது சாட்சி.

பிரிவினைத் துயரையும் தூலிகா தொட்டது. நீனா சப்னானி தம் தந்தையின் நினைவுகளிலிருந்து செய்த 'முகுந்த் அண்ட் ரியாஸ்' 2007-இல் நூலாக வந்தது. கராச்சியில் வாழ்ந்த இரண்டு நண்பர்கள். 1947-இல் முகுந்தின் குடும்பம் ஊரை விட்டுப் போக வேண்டி வருகிறது. அவர்கள் பத்திரமாகப் போக ரியாஸ் உதவுகிறான். பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. துணித் துண்டுகளை ஒட்டித் தைக்கும் பெண்களின் கைவேலைப்பாட்டிலேயே படங்கள் அமைந்திருக்கின்றன. கிழிந்ததை ஒட்டித் தைப்பது என்ற கருத்தைப் படமே சொல்லிவிடுகிறது.

ஈழத்தில், மட்டக்களப்பில், 1996 முதல் 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' இயங்கியது. இயேசு சபைத் துறவியும் உளவளத் துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடா நாட்டு ஓவியர் போல் ஹோகனும் அதற்கு வித்திட்டவர்கள். போரால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள் ஒரே தோட்டத்தில் களிமண் பிசைந்து, படம் வரைந்து, கதை கட்டி, நாடகம் போட்டார்கள். தங்கள் கதையைத் தாங்களே ஆக்கினார்கள்.

பெங்களூருவின் காயங்கள்

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1981 பிப்ரவரி 7-ஆம் தேதி பெங்களூருவில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. 90-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் குழந்தைகள். உறவுகளை இழந்தவர்களின் துயரத்தை நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நேரில் ஆராய்ந்து 1987-இல் எழுதினார்கள். பேரிடரின் மனப் பாதிப்பைப் பற்றி இந்தியாவில் நடந்த முன்னோடி ஆய்வுகளில் அது ஒன்று. பின்னர் ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தில் தொண்டர்களுக்குப் பயிற்சி தந்ததும் இதே நிம்ஹான்ஸ்தான். குழந்தைகளிடம் கேள்வி கேட்டுத் துளைக்காமல், படம், கதை, பாட்டு, விளையாட்டு வழியாக அவர்களாகவே வெளிப்படுத்த விடுவது அந்தப் பயிற்சியின் சாரம்.

ஸ்ரீராம்புரத்துக்கு அறிமுகம் தேவையில்லை. பின்னி மில், ராஜா மில், மினர்வா மில் என்று சங்கு ஊதிய காலத்தில் வேலை தேடி வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வேரூன்றிய பகுதி. வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் என்று பூர்வீகம் பலவாயினும், பிள்ளைகளுக்கு ஊர் என்றால் இந்த ஊர்தான்.

அந்தப் பிள்ளைகள் 1991-ஐப் பார்த்தார்கள். காவிரி நடுவர் மன்றம் ஜூன் 25-இல் இடைக்காலத் தீர்ப்பு வழங்கியது. ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்பது அதன் கணக்கு. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானதும் 12, 13 தேதிகளில் பெங்களூருவில் தமிழர்கள் மீது வன்முறை வெடித்தது. உயிர்கள் போயின, குடிசைகளும் கடைகளும் எரிந்தன, பல்லாயிரம் பேர் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். தமிழ்நாட்டில் இருந்த கன்னடர்களும் தாக்குதலுக்கு ஆளானார்கள் என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். 2000-இல் நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டிருந்த 108 நாட்களும் தமிழ்க் குடும்பங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தன. 2016 செப்டம்பர் 12-இல் தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் வரிசையாக எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகள், இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள்.

அல்சூர் ஏரிக்கரையில் 1991-இல் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 2009 ஆகஸ்ட் 9 வரை 18 ஆண்டுகள் மூடியே இருந்தது நமக்குத் தெரியும். அந்த ஆண்டு பிறந்த குழந்தை ஓட்டுப் போடும் வயதுக்கு வரும் வரை வள்ளுவர் துணிக்குள் இருந்தார். நான்கு நாள் கழித்து சென்னையில் சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. சிலையை மூடிய துணி ஒரு நாளில் விலகிவிட்டது. வீடுகளுக்குள் போர்த்திய துணி இன்னும் விலகவில்லை.

பல குடும்பங்களில் இரண்டு வகை வழக்கம் இருக்கிறது. ஒன்று, "அதெல்லாம் எதுக்குப் பிள்ளைங்க கிட்ட சொல்லிக்கிட்டு" என்று வாயை மூடிக்கொள்வது. மற்றொன்று, கலவரக் கதையைக் கோபத்தோடு சொல்லி, "ஜாக்கிரதை, வெளியே தமிழ்ல பேசாதே" என்று முடிப்பது. முதலாவதில் குழந்தைக்குப் பயம் மட்டும் வந்து சேர்கிறது, காரணம் வருவதில்லை. அப்பா ஏன் காவிரிச் செய்தி வந்தாலே கதவைச் சாத்துகிறார் என்று அதற்குப் புரியாது. இரண்டாவதில் பயமும் வருகிறது, கூடவே பகையும் வருகிறது. இரண்டிலும் போவது தாய்மொழிதான். தன் மொழியே ஆபத்து என்று எண்ணும் குழந்தை, அதில் படிக்க ஆசைப்படுமா?

புத்தகம் எப்படி உதவுகிறது?

இவ்வளவு வரலாற்றிலிருந்து சில பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, தூரம். குழந்தை தன் கதையைச் சொல்லத் தயங்கும், மாக்ஸின் கதையையோ மீயின் கதையையோ பேசும். "அவன் ஏன் அழுறான்?" என்று கேட்கும்போது, பாதி தன்னைப் பற்றியே கேட்கிறது.

இரண்டாவது, பிடி. பயங்கரமான நிகழ்வு குழந்தையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டுவது குழந்தையின் கை. வேண்டாமென்றால் மூடலாம், வேண்டுமென்றால் பத்து முறை அதே பக்கத்தைப் பார்க்கலாம். ஒரே புத்தகத்தை நூறு முறை கேட்கும் குழந்தையை நாம் அலுத்துக்கொள்ளக் கூடாது. அது வேலை செய்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, வரிசை. முன்பு இப்படி இருந்தது, பிறகு இது நடந்தது, இப்போது இங்கே இருக்கிறோம் என்ற ஒழுங்கு. அந்தக் கெட்ட நேரம் முடிந்துவிட்டது என்பதை மனம் அப்போதுதான் நம்பத் தொடங்கும்.

நான்காவது, மடி. புத்தகம் மட்டும் ஆற்றாது. வாசித்துக் காட்டும் பெரியவரின் குரலும் அணைப்பும் சேர்ந்துதான் ஆற்றும். 1916-இலேயே அமெரிக்கரான சாமுவேல் குரோதர்ஸ் 'புத்தக மருத்துவம்' என்ற பொருளில் ஒரு சொல்லைப் படைத்தார். ஆனால் மாத்திரை போல விழுங்கிவிடுவதற்குப் புத்தகம் மருந்தல்ல. "அழாதே, தைரியமா இரு" என்று உபதேசம் செய்யும் கதைகள் பெரும்பாலும் வாயைத்தான் அடைக்கின்றன. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, படுக்கை நனைத்து, பேச்சுக் குறைந்து, பார்த்த கொடுமையையே திரும்பத் திரும்ப விளையாடும் குழந்தையை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். நிம்ஹான்ஸ் நம் ஊரிலேயே இருப்பது நம் பேறு.

நாம் செய்யக்கூடியது

2004-இல் பெங்களூருவில் தொடங்கிய பிரதம் புக்ஸ், ஒரே சித்திரக் கதையைத் தமிழ், கன்னடம் உட்படப் பல மொழிகளில் குறைந்த விலையில் தருகிறது. 2015 முதல் அதன் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். ஸ்ரீராம்புரத்தில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகள் ஒரே படத்தைப் பார்த்து, ஒருவர் தமிழிலும் மற்றவர் கன்னடத்திலும் படிக்க இன்று வழி இருக்கிறது. கொமேனியஸ் ஒரு பக்கத்தில் இரண்டு மொழிகளை வைத்தது இதற்குத்தான். லெப்மான் எதிர்த்தரப்புக் குழந்தைக்கும் புத்தகம் கேட்டதும் இதற்குத்தான்.

தமிழ் வழிப் பள்ளிகள் குறைந்துவிட்ட இந்நகரில், வாரம் ஒரு நாள் மொட்டை மாடியிலோ கோயில் மண்டபத்திலோ பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படக்கதை வாசிக்கலாம். அடுத்த தெருக் கன்னடப் பிள்ளைகளையும் கூப்பிடலாம். 1950-இல் தோன்றிய பெங்களூருத் தமிழ்ச் சங்கம் முதலாக, இங்குள்ள தமிழ் அமைப்புகள் ஆண்டுதோறும் பட்டிமன்றத்துக்கும் கவியரங்கத்துக்கும் செலவிடுகின்றன. அதில் ஒரு சிறு பங்கைச் சித்திரப் புத்தகத்துக்கு ஒதுக்கலாம். 1991-ஐ நேரில் கண்ட பெரியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, அவர்களின் நினைவுகளைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். எரிந்த கடையை மட்டுமல்ல, அன்றிரவு தம் வீட்டுக்குள் தமிழர்களை ஒளித்து வைத்துக் காத்த கன்னட அண்டை வீட்டாரையும் சேர்த்தே எழுத வேண்டும். கராச்சியின் ரியாஸ் போல நம் தெருவிலும் சிலர் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் அந்தக் கதை முழுமை பெறாது. அதைக் கேட்டு ஓவியர் ஒருவர் பதினாறு பக்கம் வரைந்து, கீழே தமிழிலும் கன்னடத்திலும் நாலு நாலு வரி எழுதினால் போதும்.

காவிரிக் கணக்கை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். நம் பேரப்பிள்ளைகளுக்கு எந்தக் கதையை, எந்த மொழியில், எந்த முகத்தோடு சொல்லப்போகிறோம் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.